காரணி அறியப்படாத சேர்த்தி எண்: 2⁶⁷ − 1 இன் வரலாறு

ஓர் எண் முதன்மை எண் அன்று என அறிதல் ஒன்று. அதனை ஆக்கும் காரணிகள் எவை என அறிதல் பிறிதொன்று. மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றும். 91 முதன்மை எண் அன்று என்று கூறும் மாணவன் அதற்குச் சான்றாக 7ஐயும் 13ஐயுமே காட்டுவான். காரணியைக் காட்டாமல் ஓர் எண்ணைச் சேர்த்தி எண் என எவ்வாறு கூறலாம் என்ற ஐயம் அவனுக்கு எழுதல் இயல்பே. எனினும், இவ்விரு அறிவுகளும் ஒன்றினின்று ஒன்று பிரிந்து நெடுங்காலம் தனித்து நின்ற சந்தர்ப்பங்கள் கணித வரலாற்றில் உள. அவற்றுள் மிகத் தெளிவானது 2⁶⁷ − 1 என்னும் எண்ணின் வரலாறாகும். 147,573,952,589,676,412,927 என 21 இலக்கங்களில் எழுதப்படும் இவ்வெண் 1644இல் முதன்மை எண் என அறிவிக்கப்பட்டது. 1876இல் சேர்த்தி எண் என நிறுவப்பட்டது. ஆயின் அதன் காரணிகள் 1903 வரை எவர்க்கும் புலப்படவில்லை. இடைப்பட்ட 27 ஆண்டுகளும் ஓர் அறிவுக்கும் மற்றோர் அறிவுக்கும் இடையே கிடந்த தூரத்தின் அளவாகும். அத்தூரம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கடக்கப்பட்டது, பின்னர் உலகுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறவியின் பட்டியல்

2இன் வலுக்களினின்று 1ஐக் கழித்துப் பெறும் எண்கள் மீது கணிதர் கொண்ட ஈடுபாடு மிகப் பழையது. தன்னையொழிந்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமனாகும் எண்ணைக் கிரேக்கர் நிறைவெண் என அழைத்தனர். 6 என்பது 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 28 என்பது 1, 2, 4, 7, 14 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. 2இன் யாதேனுமொரு வலுவினின்று 1ஐக் கழிக்க வருவது முதன்மை எண்ணாயின், அதனை முந்திய வலுவாற் பெருக்க நிறைவெண் கிடைக்கும் என்பதை யூக்கிளிட்டு தமது நூலின் ஒன்பதாம் பாகத்தில் நிறுவியுள்ளார். ஆகவே, நிறைவெண்களைத் தேடுவோர் 2² − 1, 2³ − 1, 2⁵ − 1, 2⁷ − 1 என்ற வரிசையில் முதன்மை எண்கள் எவை என்பதையே தேடவேண்டியவராயினர்.

இவ்வரிசையில் வலுவின் சுட்டி சேர்த்தி எண்ணாயின் பெறும் எண்ணும் சேர்த்தி எண்ணேயாகும். சுட்டி முதன்மை எண்ணாயின் பெறுவதும் முதன்மை எண்ணாகுமோ எனின், அவ்வாறு உறுதி கூற இயலாது. 3, 7, 31, 127 ஆகியன முதன்மை எண்கள். ஆனால் அடுத்து வரும் 2¹¹ − 1, அதாவது 2047, 23இனதும் 89இனதும் பெருக்கமாகும். விதி போலத் தோன்றிய ஒன்று ஐந்தாம் படியிலேயே பிழைத்துவிடுகின்றது. இத்தாலியராகிய கற்றால்டி 2¹⁷ − 1, 2¹⁹ − 1 ஆகியவற்றை முதன்மை எண்கள் எனச் சரியாகவே நிறுவியபோதிலும், அவற்றுக்கு மேற்பட்ட சில எண்கள் பற்றி அவர் கூறியவை பிழையாயின.

இச்சூழ்நிலையிலேயே மரீன் மேர்சேன் (1588 – 1648) என்னும் பிரெஞ்சுத் துறவியின் பெயர் வரலாற்றில் இடம்பெறுகின்றது. பாரிசு நகரில் மினிம் துறவற சபையைச் சேர்ந்தவராக வாழ்ந்த அவர், தேக்காட், பேர்மா முதலிய அறிஞர் பலருடன் இடையறாது கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். அறிவியற் சஞ்சிகைகள் தோன்றாத அக்காலத்தில் ஒருவர் கண்டதை மற்றவர் அறியச் செய்த பெருமை அவருக்குரியது. 1644இல் தாம் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில், சுட்டி 257ஐ விஞ்சாதவிடத்து 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொரு சுட்டிகளே முதன்மை எண்களைத் தரும் என்றும், ஏனையவை சேர்த்தி எண்களையே தரும் என்றும் அவர் எழுதினார். 2²⁵⁷ − 1 என்பது 78 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். இத்துணைப் பெரிய எண்களைப் பற்றிய முடிபை எவ்வழியாற் பெற்றார் என்பதை மேர்சேன் விளக்கவில்லை, நிறுவலும் தரவில்லை. எனினும் அப்பட்டியல் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலைத்து நின்றது. அதனை மறுத்தற்கும் ஏற்றற்கும் வேண்டிய கருவி எவரிடமும் இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணமாகும்.

வகுத்துப் பார்த்தலின் எல்லை

கருவி முற்றாகவே இல்லாதிருந்தது என்பதும் பொருந்தாது. 1640இல் பேர்மா இவ்வெண்களின் சிறப்பியல்பு ஒன்றைக் கண்டார். சுட்டி ஒற்றை முதன்மை எண்ணாயின், 2இன் அவ்வலுவினின்று 1ஐக் கழித்துப் பெறும் எண்ணின் எந்தக் காரணியும் அச்சுட்டியின் இரு மடங்கால் வகுக்கப்படுமிடத்து 1ஐயே மீதியாகத் தரும். 2047இன் காரணிகளான 23, 89 ஆகிய இரண்டும் 22ஆல் வகுக்கப்பட 1 மீதியாதலைக் காணலாம். இதனைக் கொண்டே 2³⁷ − 1 என்னும் எண்ணுக்கு 223 ஒரு காரணியாதலைப் பேர்மா கண்டறிந்தார். 74இன் மும்மடங்கு 222 ஆதலின், அக்காரணியை அடைய அவருக்கு நீண்ட தேடல் வேண்டியிருக்கவில்லை.

பின்வந்த ஒயிலர் இதனோடு மற்றொரு நிபந்தனையையும் இணைத்தார். அக்காரணி 8ஆல் வகுக்கப்படுமிடத்து மீதி 1 ஆகவோ 7 ஆகவோ இருத்தல் வேண்டும். இவ்விரு நிபந்தனைகளாலும் சோதிக்க வேண்டிய எண்கள் பெரிதும் குறைந்தன. 2³¹ − 1, அதாவது 2,147,483,647, முதன்மை எண்ணே என்பதை 1772இல் ஒயிலர் வெளிப்படுத்தியது இவ்வழியாலேயாம். அதற்கு 46,341க்குட்பட்ட எண்களையே ஆராய வேண்டியிருந்தது. இரு நிபந்தனைகளுக்கும் அமைவன அவற்றுட் சிலவே.

67ஐச் சுட்டியாகக் கொண்ட எண்ணை நோக்கின் நிலைமை முற்றிலும் வேறாகின்றது. அதன் வர்க்கமூலம் 1,200 கோடிக்கும் மேற்பட்டது. இரு நிபந்தனைகளையும் பயன்படுத்திய பின்னரும் வகுத்துப் பார்க்க வேண்டிய எண்கள் ஏறத்தாழ நாலரைக் கோடியாகும். காகிதமும் பேனாவும் கொண்டு ஒருவர் தம் வாழ்நாளில் முடிக்கக்கூடிய பணி அன்று அது. ஒரு காரணி இடைநடுவே எதிர்ப்படின் பணி முடிவுறும் என்பது உண்மையே. ஆயின் அது எங்கே எதிர்ப்படும், எதிர்ப்படுமோ என்பதே முன்கூட்டி அறியப்படாதது. வகுத்துப் பார்த்தல் என்னும் பழைய வழி இங்கே தன் எல்லையை அடைந்தது.

லூக்காவின் சோதனை

எல்லையைக் கடந்தவர் எதுவார் லூக்கா (1842 – 1891) என்னும் பிரெஞ்சுக் கணிதர். எண்ணைப் பிரிக்க முயலாது, முதன்மை எண்ணாயின் அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அவர் ஆராய்ந்தார். 1876இல் அவர் கண்ட முறையைப் பின்னர் 1930இல் லேமர் செம்மைப்படுத்தினார். அச்செம்மையான வடிவில் அதனைப் பின்வருமாறு கூறலாம். 4இல் தொடங்குக, அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க, வருவதைச் சோதனைக்குரிய எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க, அம்மீதியை மீண்டும் வர்க்கித்து இவ்வாறே தொடர்க. சுட்டியினும் இரண்டு குறைந்த தடவைகள் இதனைச் செய்தபின் மீதி 0 ஆயின் எண் முதன்மை எண். 0 அன்றாயின் சேர்த்தி எண்.

2⁵ − 1, அதாவது 31, இதற்கு எளிய உதாரணமாகும். 4இனின்று 14 வரும். 14இன் வர்க்கத்தினின்று 2ஐக் கழிக்க 194. அதனை 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கத்தினின்று 2ஐக் கழிக்க 62. அதன் மீதி 0. மூன்று படிகளில் 31 முதன்மை எண் என்பது உறுதியாகின்றது. 2047ஐ இவ்வாறே ஒன்பது படிகள் சோதித்தால் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736 என மீதிகள் தொடரும். இறுதி மீதி 0 அன்று. ஆகவே 2047 சேர்த்தி எண். முடிபு ஐயத்துக்கு இடமற்றது. ஆயின் 1736 என்னும் அம்மீதியில் 23ஐயோ 89ஐயோ சுட்டும் குறிப்பு எதுவும் இல்லை என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. எண் தான் முதன்மை எண் அன்று என்பதை ஒப்புக்கொள்கின்றது. தன் உள்ளமைப்பை வெளிவிட மறுக்கின்றது.

இச்சோதனையில் 2⁶⁷ − 1க்கு வேண்டியவை 65 படிகளே. நாலரைக் கோடி வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் 65 வர்க்கங்களும் 65 வகுத்தல்களும் போதுமாயின. ஒவ்வொரு படியும் 21 இலக்க எண்களைக் கையாளும் கடினமான வேலையாயினும் மனித முயற்சிக்கு எட்டியதே. 1876இல் லூக்கா இரு முடிபுகளை வெளியிட்டார். 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 முதன்மை எண் என்பது ஒன்று. 2⁶⁷ − 1 சேர்த்தி எண் என்பது மற்றொன்று. முன்னையதில் மேர்சேனின் கூற்று மெய்யாயிற்று. பின்னையதில் அவர் பிழைத்தார். மேர்சேனின் பட்டியலில் ஏனைய பிழைகளும் படிப்படியாக வெளிவந்தன. அவர் விலக்கிய 61, 89, 107 ஆகிய சுட்டிகள் முதன்மை எண்களையே தருவன என்பது முறையே 1883, 1911, 1914 ஆகிய ஆண்டுகளில் தெரியவந்தது. அவர் சேர்த்த 257 இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விலக்கப்பட்டது.

கோலின் மூன்றாண்டுகள்

லூக்கா விட்டுச்சென்ற வினாவுக்கு விடை கண்டவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பிராங் நெல்சன் கோல் (1861 – 1926). கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராகவும் பணியாற்றியவர் அவர். 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி நியூயோர்க்கில் நடைபெற்ற அக்கழகத்தின் கூட்டத்தில், பேரெண்களைக் காரணிப்படுத்துதல் பற்றிய தமது கட்டுரையை அவர் சமர்ப்பித்தார்.

அக்கூட்டத்தைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை ஒன்றுண்டு. கோல் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகைக்குச் சென்று, 2இன் 67ஆம் வலுவைக் கணித்து 1ஐக் கழித்தார். பின்னர் பலகையின் மறுபுறத்தில் இரு எண்களை எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயிருந்தன. அவர் பேசாமலே தம் இருக்கைக்குத் திரும்ப, அவையோர் கைதட்டினர் என்பது அக்கதை. இதனை எழுதியவர் எரிக் ரெம்பிள் பெல். அக்காரணிகளைக் காண எவ்வளவு காலம் சென்றது எனத் தாம் 1911இல் வினவியபோது, மூன்று ஆண்டுக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக் கோல் விடையிறுத்ததாகவும் பெல் கூறுகின்றார். இவை 1951இல், அதாவது நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் வெளியான நூலிற் காணப்படுவன. வரலாற்றைச் சுவைபடக் கூறும்பொருட்டு நிகழ்ச்சிகளை அழகுபடுத்தும் இயல்பும் பெல்லிடம் உண்டு. ஆதலால் அவையின் மௌனத்தையும் கைதட்டலையும் வரலாற்று உண்மையாகக் கொள்ளுதற்குத் தயக்கம் வேண்டும். ஐயத்துக்கு இடமின்றி எஞ்சுவது பின்வரும் சமன்பாடாகும்:

2⁶⁷ − 1 = 193,707,721 × 761,838,257,287

மெய்யாகவே வியத்தற்குரியது கோல் இதனை அடைந்த வழியாகும். சிறிய காரணி 134ஆல் வகுக்கப்பட 1 மீதியாகும் எண்களின் வரிசையில் 1,445,580ஆம் இடத்தில் உள்ளது. ஒயிலரின் நிபந்தனையைப் பயன்படுத்தி, 3, 5, 7 ஆகியவற்றின் மடங்குகளையும் நீக்கினும், அதனை அடையுமுன் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் வேண்டும். ஒரு வகுத்தலுக்கு ஒரு நிமிடமும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமும் எனக் கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இதனைச் செய்து முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகள் செல்லும்.

கோல் வேறு வழியை நாடினார். ஓர் ஒற்றை எண் இரு காரணிகளின் பெருக்கமாயின், அக்காரணிகளின் கூட்டுத்தொகைப் பாதியின் வர்க்கத்தினின்று வித்தியாசப் பாதியின் வர்க்கத்தைக் கழிக்க அவ்வெண் கிடைக்கும். ஆகவே காரணிகளைத் தேடுவதற்குப் பதிலாக அவற்றின் கூட்டுத்தொகையைத் தேடலாம். இங்கே பேர்மாவின் நிபந்தனை புதிய வலிமை பெறுகின்றது. இரு காரணிகளினின்றும் தனித்தனி 1ஐக் கழிக்க வருபவை 134ஆல் வகுபடுவன. அவற்றின் பெருக்கம் 134இன் வர்க்கமாகிய 17,956ஆல் வகுபடும். அப்பெருக்கமோ, மூல எண்ணோடு 1ஐக் கூட்டி, காரணிகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வருவதாகும். எனவே காரணிகள் எவை என அறியாதபோதும், அவற்றின் கூட்டுத்தொகையை 17,956ஆல் வகுக்க எஞ்சும் மீதி யாது என்பதை முன்னதாகவே கூறிவிடலாம்.

இவ்வாறு தொடங்கி, வர்க்க மீதிகள் பற்றிய தேற்றங்களின் துணையால் சிறிய முதன்மை எண்களுக்குரிய நிபந்தனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோல் சேர்த்தார். கூட்டுத்தொகையின் பாதியை 1,323,536,760ஆல் வகுக்க 1,160,932,384 மீதியாதல் வேண்டும் என்ற நிலையை அவர் எய்தினார். இதன்பின் எஞ்சியது எத்தனை மடங்கு என்பதே. அது 287 ஆயிற்று. கூட்டுத்தொகைப் பாதி 381,015,982,504. வித்தியாசப் பாதி 380,822,274,783. இவற்றைக் கூட்டவும் கழிக்கவும் இரு காரணிகளும் வெளிப்படும். குருட்டுத்தனமான தேடலை அறிவு எவ்வளவு தூரம் சுருக்கவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இடைவெளியின் பயன்

மேற்கூறியவற்றினின்று மூன்று செயல்கள் வேறுபடுத்தி நோக்கற்பாலன. எண் சேர்த்தி எண் எனக் காட்டுவது ஒன்று; அதற்கு 65 படிகள் போதும். காரணிகளைக் கண்டறிவது மற்றொன்று. அதற்கு ஆண்டுகள் வேண்டும். கண்ட காரணிகள் சரியானவையா எனப் பார்ப்பது இன்னுமொன்று. அதனைப் பாடசாலை மாணவனும் ஒரு பெருக்கலால் சில நிமிடங்களில் முடிப்பான். பெருக்குதல் எளிது, பிரித்தல் கடினம் என்னும் இவ்வேற்றுமை கோலின் காலத்தில் எண்கணிதத்தின் விநோதமாகவே கருதப்பட்டது. அதனால் உலகியற் பயன் விளையும் என அன்று எவரும் எண்ணியிருப்பர் எனல் அரிது.

1977இல் இந்நிலை மாறிற்று. றிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவரும் செய்திகளை மறைத்து அனுப்புவதற்குப் புதிய முறையொன்றை வகுத்தனர். இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்கிப் பெறும் சேர்த்தி எண்ணை எவரும் அறிய வெளியிடலாம்; அதனைக் கொண்டு எவரும் செய்தியை மறைக்கலாம்; மறைந்ததை மீட்பதற்கோ அதன் காரணிகளை அறிந்திருத்தல் வேண்டும். லூக்காவுக்கும் கோலுக்கும் இடையே கிடந்த அதே இடைவெளியே இங்கு பூட்டாக அமைகின்றது. அவ்வாண்டு 129 இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று உலகத்தார்க்கு அறைகூவலாக வெளியிடப்பட்டது. 1994இல், ஏறத்தாழ 600 தொண்டர்கள் தம் கணனிகளை ஒன்றுபடுத்தி உழைத்து, அதனை 64 இலக்கங்களும் 65 இலக்கங்களும் கொண்ட இரு முதன்மை எண்களாகப் பிரித்தனர். அவர்கள் கையாண்ட முறையும் இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்னும் பழைய கருத்தின் வழிவந்ததே. 2020இல் 250 இலக்கங்கள் கொண்ட எண் பிரிக்கப்பட்டது.

இதற்கிடையில் முதலாவது செயல் மேலும் எளிதாயிற்று. 2002இல் இந்தியாவின் கான்பூர் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகிய மூவரும், எந்த எண்ணாயினும் அது முதன்மை எண்ணா என்பதை, இலக்கங்களின் பெருக்கத்தோடு வேலை கட்டுமீறாத வகையில் தீர்மானிக்கும் முறையை நிறுவினர். காரணிப்படுத்துதற்கு அத்தகைய முறை எதுவும் சாதாரணக் கணனிக்கென இதுவரை காணப்படவில்லை. அத்தகைய முறை இருத்தல் இயலாது எனவும் எவரும் நிறுவினாரல்லர். பிரித்தல் கடினம் என்பது நெடுங்கால அனுபவமேயன்றித் தேற்றம் அன்று. வங்கிகளும் அரசுகளும் தம் இரகசியங்களைக் காக்கப் பயன்படுத்திவந்த பூட்டு, எவரும் இன்னும் திறந்திலர் என்ற நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது. மேர்சேனின் பட்டியலும் எவரும் மறுத்திலர் என்பதனாலேயே இரு நூற்றாண்டுகள் நிலைத்தது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

முடிவுரை

2⁶⁷ − 1 இன் வரலாறு 1903இல் முடிவெய்தியது எனலாம். ஆயின் அது எழுப்பிய வினா முடிவெய்தவில்லை. 1952இல் றொபின்சன் என்பவர் லூக்காவின் சோதனையைச் சுவாக் எனும் கணனியிற் செயற்படுத்தி, 2,304க்குட்பட்ட சுட்டிகளை ஆராய்ந்தார். 1277, 1279 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து அமைந்த முதன்மைச் சுட்டிகள். 2¹²⁷⁹ − 1 முதன்மை எண் என அவ்வாண்டு கண்டறியப்பட்டது. 385 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷⁷ − 1 சேர்த்தி எண்ணாகும். கணனிகளின் ஆற்றல் பன்மடங்கு பெருகிய பின்னரும், 2024ஆம் ஆண்டு வரை இவ்வெண்ணின் ஒரு காரணியேனும் கண்டறியப்படவில்லை. அதற்குக் காரணிகள் உண்டு என்பதில் ஐயம் எதுவும் இல்லை. அவை எவை என்பதை அறிந்தார் எவருமிலர். 1876இல் லூக்கா நின்ற இடத்திலேயே இவ்வெண்ணைப் பொறுத்தவரை உலகம் நின்றுகொண்டிருக்கின்றது. அதனைக் கடக்கப் பெரிய பொறி வேண்டுமோ, கோல் கண்டது போன்ற புதிய வழி வேண்டுமோ என்பது வருங்காலம் விடையிறுக்க வேண்டிய வினாவாகும்.